இறக்க இடமில்லாத லாரி

— லாரிக் கதவு சீல உடைச்சுட்டீகன்னா நான் கெளம்பிருவேன் மேடம். ஒரே ஒரு சீலு. பல்லால கடிச்சாக்கூட வந்துரும்.

— உடைக்கலாம் சுருளியண்ணே. உடைச்சா உள்ள இருக்குற பார்சல் பூராம் எண்ணி இறக்கணும். எங்கன இறக்க?

— குடோன்லதான். ‘தேனி குடோன்’னு இம்புட்டுப் பெரிய போர்டு மாட்டியிருக்கீக.

— அங்கன இப்ப போர்டுக்குத்தான் இடம் இருக்கு. பீரோவும் மெத்தையும் கூரையத் தொட்டுட்டு நிக்குது. நான் ஒருக்களிச்சு நடக்குறேன். ஸ்கேன் பண்ற பிள்ளைக வாசல்ல குடைய விரிச்சுக்கிட்டு ஸ்கேன் பண்ணுதுக.

— நான் என்ன சொல்றேன்னா, திங்கக்கிழமை பெங்களூர்ல இருந்து வந்து நின்னேன். இன்னைக்குப் புதன். நாளைக்கு தேவதானப்பட்டியில என் தங்கச்சி முனீஸ்வரி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான் ஒருத்தன்தான். என் மடியில உக்கார வச்சாத்தான் காது குத்துவாக.

— வேற யாரு மடியிலயாச்சும் வச்சு...

— யாரு மடியில? உங்க மேனேஜரு மடியிலயா?

— அவரு மதுரையில இருக்காரு.

— அப்ப அதுவும் இல்ல.

— வண்டிய இங்கன போட்டுட்டு பஸ்ஸுல ஒரு எட்டுப் போயிட்டு வாங்களேன்.

— சீலு வச்ச வண்டிய விட்டு டிரைவரு நகரக்கூடாது, ஒரு சோப்புக் கொறைஞ்சாலும் டிரைவரு தலையிலதான்னு ஒருத்தரு சொன்னாக.

— யாரு?

— நீங்கதான் மேடம்.

— ஆமா. நான்தான் சொன்னேன்.

— இம்புட்டுப் பெரிய ஊரு. ஒரு லாரிச் சரக்குக்கு இடமில்லைங்கிறீக. அந்தா, மலை வரைக்கும் கெடக்குல்ல?

— இடம் கெடக்குண்ணே. குடோனுக்குத் தோதான இடம்தான் இல்ல. வெளங்குதா? ரெண்டு பக்கமும் மலை. நடுவுல ஆத்துத்தண்ணி பாயிற நெல்லு, தென்னை, திராட்சை. அதை யாரும் குடுக்க மாட்டாக. ரோட்டோரம் மிஞ்சுனது பூராம் கல்லு நட்டு வீட்டு மனையாயிருச்சு. மனைக்குப் போற தெரு இருபதடி, உங்க வண்டி முப்பத்திரெண்டு அடி. உள்ள போனா திரும்பாது.

— ரிவர்ஸ்ல வருவேன்.

— நீங்க வருவீக. தெனமும் எல்லா வண்டியும் ரிவர்ஸ்ல வந்தா தெருக்காரக கல்ல எடுப்பாக. அதைவிட முக்கியம் தரை. லாரித் தளமும் குடோன் தளமும் ஒரே மட்டமா இருந்துச்சுன்னு வைங்க, தள்ளுவண்டிய உருட்டிக்கிட்டே உள்ள போயிரலாம். மட்டம் இல்லைன்னா ஒவ்வொரு பீரோவையும் தோள்ல வாங்கி இறக்கணும். ரெண்டு மணி நேர வேலை முழு நாள் ஆயிரும். வெளங்குதா?

— வெளங்குது. கம்பெனிக்கு வெளங்கலையா?

— கம்பெனிக்கு ஆர்டர்தான் வெளங்கும். கம்பத்துல ஒருத்தரு கட்டில்ல படுத்துக்கிட்டே கட்டிலுக்கு ஆர்டர் போடுறாரு. மறுநாளே பெங்களூர்ல ஏத்திவிட்டுர்றாக. கட்டில் வர்ற வழியில எங்கன படுக்கும்னு யாரும் கேக்குறதில்ல.

— ஆண்டிபட்டியில ஒரு தறிக்கூடம் சும்மாக் கெடக்கே.

— பாத்துட்டேன். பூராம் தூணு. மெத்தைய மடிச்சுத்தான் கொண்டு போகணும்.

— போடியில ஏலக்கா குடோனு?

— எடுத்தோம்ணே. சட்டை வாங்குனவுக பூராம் ஏலக்கா வாசம் அடிக்குதுன்னு திருப்பி அனுப்பிட்டாக. அந்தச் சட்டையும் சேந்துதான் இங்கன இடத்த அடைச்சுக்கிட்டு இருக்கு.

— பாயாசத்துக்கு ஆகும்னு வித்துருங்க. மேடம், நான் என்ன சொல்றேன்னா, அந்தப் பிள்ளைக்கு அப்பன் இல்ல. நானும் போகலைன்னா என் தங்கச்சி சபையில எப்படி நிப்பா?

— தெரியும்ணே. நேத்துல இருந்து நானும் அதுக்குத்தான் போன் அடிச்சுக்கிட்டு இருக்கேன். இருங்க, வருது... ஆமா, ரெஹானாதான் பேசுறேன்... நெசமாவா? சரின்னுட்டாகளா?... விடியிறதுக்கு முன்னயே வண்டிய விடுறேன்... சரி, சரி, வச்சிர்றேன். சுருளியண்ணே, இடம் கெடைச்சிருச்சு!

— ரைஸ்மில்லா?

— மண்டபம்ணே. விசேச மண்டபம். நடுவுல ஒரு தூணு கெடையாது. வாசப்படிக்கு மேல மேடை இருக்கே, அது சரியா உங்க லாரித் தளத்து ஒசரம். பின்பக்கத்த ஒட்டி நிறுத்துனா உருட்டிக்கிட்டே உள்ள போயிரலாம். விடிய ஆரம்பிச்சா எட்டு மணிக்கு உங்க வண்டி காலி.

— ஒம்பதரைக்குத்தான் முகூர்த்தம். எந்த ஊரு மேடம்?

— அதாண்ணே உங்க நல்ல நேரம். தேவதானப்பட்டியேதான்.

— உங்க வாப்பாவும் உம்மாவும் நல்லா இருக்கணும் தாயி.

— சங்கிலின்னு ஒருத்தரோட மண்டபமாம். நாளைக்கு யாருக்கோ குடுத்திருந்தாராம். வருசத்துக்கும் நம்ம கம்பெனியே எடுத்துக்கிருதுன்னதும், அவுக அட்வான்ஸ இப்பத்தான் திருப்பிக் குடுத்துவிட்டாராம்.

— என்ன விசேசம்னு கேட்டீகளா?

— கேக்கலையே.

— காதுகுத்து.

— யா அல்லா! அண்ணே, வேணாம்னு சொல்லிர்றேன். இப்பவே போனப் போட்டு...

— வேணாம்னு சொன்னா மண்டபம் கெடைக்கும், வண்டி இங்கனயே நிக்கும். நானும் நிப்பேன். மடிக்கு எங்க போவாக? பொறுங்க, தங்கச்சிதான் கூப்புடுறா... சொல்லு ஆத்தா... தெரியும். அழுகாத. சங்கிலிகிட்ட சண்டைக்குப் போக வேணாம்னு நம்ம மாமாகிட்டச் சொல்லு... இல்ல, எடத்த மாத்த வேணாம். எல்லாரும் சொன்ன நேரத்துக்கு அந்த மண்டபத்துக்கே வந்துருங்க, காது குத்துற ஆசாரியையும் கூட்டிட்டு... நான் என்ன சொல்றேன்னா, சாமான் பூராம் லாரியில இருந்து மண்டபத்துல இறங்கட்டும். காதுகுத்துக்குச் சொந்தக்காரக பூராம் மண்டபத்துல இருந்து காலி லாரியில ஏறட்டும்.