சின்னக் காந்தம்

ஸ்பீக்கர் வாங்க வருகிறவர்கள் அதைக் காதால் வாங்குவதில்லை, சார். கையில் எடுத்ததும் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். காந்தம் பெரிதாக, கனமாக இருந்தால் முகம் மலரும். சிவாஜிநகரில் எங்கள் கடைக்கு வந்த மைக்செட்காரர்களும் அப்படித்தான், சர்ச் கமிட்டிக்காரர்களும் அப்படித்தான். நீங்களும் அப்படித்தான் வாங்கியிருப்பீர்கள், தவறாக நினைக்க வேண்டாம்.

காந்தத்தின் அளவில் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. பின்னால் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், காயில் என்கிற கம்பிச்சுருள் அசைகிற அந்தச் சின்ன இடுக்கில் எவ்வளவு பலம் வந்து சேர்கிறது என்பதுதான் கணக்கு. மற்றபடி முன்னால் அதிர்கிற காகிதக் கோன் எப்படி, பெட்டி எப்படி என்று பார்க்க வேண்டும். பெட்டிக்குப் பொருந்தாத பெரிய காந்தத்தைப் போட்டால் பேஸ் என்கிற அடிச்சத்தம் குறைந்துகூடப் போகும். இதை நான் பெர்னார்டுக்குப் பல வருஷமாகச் சொல்லிப் பார்த்தேன். பெர்னார்ட் என் தங்கை டோரதியின் கணவன், கடையில் என் கூட்டாளி. ஸ்பீக்கரைக் கையில் தூக்கிப் பார்த்தே தேர்ந்தெடுப்பான். "மச்சான், கனம் இருந்தாத்தான் சத்தம் இருக்கும். சும்னே மண்டைய கொடையாத," என்பான். அத்துடன் பேச்சு முடிந்துவிடும்.

தொண்ணூற்றெட்டு வாக்கில் நியோடிமியம் என்ற புதுக் காந்தம் வைத்த ஸ்பீக்கர்கள் எங்கள் கைக்கு வந்தன. காந்தம் நாணயம் அளவுதான். பலமோ, பல மடங்கு பெரிய பழைய கறுப்புக் காந்தத்துக்கு ஈடு. அதை வைத்து நான் ஒரு ஜோடிப் பெட்டி செய்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல பொருள் அது ஒன்றுதான். எங்கள் சர்ச்சின் பங்கு மண்டபத்தில் பெர்னார்ட் செய்த பெட்டிகளுக்குப் பக்கத்தில் அதை வைத்து, எல்லாவற்றையும் துணியால் மூடிவிட்டுப் பாட்டுப் போட்டோம். கமிட்டியில் எல்லோரும் என் பெட்டியைத்தான் கைகாட்டினார்கள். பாடகர் குழுவை நடத்தும் சின்னப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் பெர்னார்ட் எழுந்து வந்து துணியை விலக்கி, என் ஸ்பீக்கரைக் கழற்றி, பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான்.

"இது ஸ்பீக்கரா, சட்டை பட்டனா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்பீக்கரை மாட்டி மறுபடி அதே பாட்டைப் போட்டபோது, "கொஞ்சம் மெலிசாத்தான் இருக்கு," என்று சின்னப்பாவே சொன்னார். அதே பெட்டி, அதே பாட்டு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதனால்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் அவ்வளவு அற்பமான ஆள் இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் பெர்னார்ட் அடிக்கடி மயங்கி விழுந்தான். இதயம் நின்று நின்று துடிக்கிறது என்றார்கள். இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் கூட இருந்தது நான்தான். காந்தம் கிட்டே வந்தால் அந்தக் கருவி இதயத்தைக் கவனிப்பதை விட்டுவிட்டுத் தன் பாட்டுக்கு ஒரே தாளத்தில் அடிக்கும், அவன் இதயம் இருக்கிற நிலையில் அது உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னார்.

"பெரிய காந்தமா டாக்டர்?" என்று பெர்னார்ட் கேட்டான்.

அவர் அவசரத்தில் இருந்தார். "ஆமா, ஸ்பீக்கர் கடைன்னா பெருசெல்லாம் தள்ளியே வைங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். டாக்டர் பேசும்போது குறுக்கே பேசுகிற பழக்கம் எனக்கில்லை.

கடைக்குத் திரும்பியதும் பெரிய காந்தம் உள்ளதையெல்லாம் குடோனுக்கு மாற்றச் சொன்னான். நானே சுமந்து மாற்றினேன். வாசல் பக்கம் ஸ்டூல் போட்டுக் கொடுத்தேன். அங்கே உட்கார்ந்து பெட்டிகளுக்கு ஸ்க்ரூ முடுக்குவான். குனிந்தால் சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூவெல்லாம் கொட்டிவிடும். திட்டிக்கொண்டே பொறுக்குவான். பார்க்கப் பாவமாக இருந்தது. மண்டபத்தில் அவன் திருப்பிக் காட்டிய அந்த ஸ்பீக்கரை உடைத்துக் காந்தத்தை வெளியே எடுத்தேன். துடைத்து அவனிடம் நீட்டினேன்.

"பாக்கெட்ல போட்டுக்கோ மச்சான். ஸ்க்ரூ கீழ விழாது."

பை இடது பக்கம் இருந்தது. ஸ்க்ரூக்கள் அதில் கொத்தாக ஒட்டிக்கொண்டன.

சில நாட்கள் ஒன்றும் ஆகவில்லை. நான் இத்தனை காலம் சொல்லிவந்தது தவறோ என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்தது. பிறகு ஒரு மத்தியானம் நான் டீ குடித்துவிட்டு வந்தபோது அவன் ஸ்டூலில் அமர்ந்தபடியே சுவரில் சாய்ந்திருந்தான். மூச்சு இல்லை. உடம்பில் சூடு மட்டும் இருந்தது. யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால் பையில் விரலை விட்டுக் காந்தத்தை எடுத்துக்கொண்டேன். இதயம் பலவீனம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஓசூர் ரோடு கல்லறையில் அடக்கம் செய்தோம்.

அன்று முதல் எனக்கு டாக்டர் சொன்ன அந்த ஒரே தாளம் கேட்கிறது. ஸ்பீக்கரைச் சோதிக்கப் பேட்டரி செல்லைத் தொட வைத்தால் கோன் 'டப்' என்று எகிறுமே, அந்தச் சத்தம். கூடுவதில்லை, குறைவதில்லை. ஆம்ப்ளிஃபயரை மாற்றினேன், எர்த் பார்த்தேன், ஒயரைப் பிடுங்கினேன். எதிலும் இணைக்காத ஸ்பீக்கரிலும் கேட்கிறது. சர்ச் பூசையில் சாமியாரின் குரலுக்கு அடியில் கேட்கிறது. பொம்மனஹள்ளி பஸ்ஸில் டிரைவர் போடும் பாட்டுக்கு அடியில் கேட்கிறது. கோன் மேல் விரலை வைத்தால் அசைவது தெரிகிறது, சார். எனக்குப் பயமாக இருக்கிறது. டோரதி இன்னும் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைக்கிறாள். அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடும்போதும் அது நிற்பதில்லை. இங்கே ஸ்டேஷனுக்கு வந்து சொன்னால் நிற்கும் என்று நினைத்தேன்.

அது காந்தம் என்று அவனுக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். நான் அதைக் கொடுத்தபோது டோரதியும் கடையில் இருந்தாள்.

"அண்ணா, அதுவும் காந்தம்தானே? இவருக்கு ஒண்ணும் ஆவாதே?" என்றாள்.

பெர்னார்ட் அன்றைக்குக் கேலி செய்யவில்லை. காந்தத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

"நீ சொல்லு ஓஸ்வால்ட். சின்னதுக்கும் அதே பலம்னு சொல்லிட்டே இருப்பியே. நெஜமா?"

அத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் யோசனை கேட்டது அந்த ஒரு முறைதான். நான் என்ன சொன்னாலும் நம்பியிருப்பான். அது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"இல்ல மச்சான். நீ சொன்னதுதான் சரி. பெருசுலதான் பலம்," என்றேன்.

"கேட்டியா டோரதி, உங்கண்ணன் ஒத்துக்கிட்டான்," என்று சொல்லிக்கொண்டே அதைப் பையில் போட்டுக்கொண்டான். அவன் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை. சாகப்போகிறவனுக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார்.