எட்டுக் கணினிகள் காட்டாதது

நல்ல துணிக்கடைக்காரர் பொய் சொல்லமாட்டார், ஐயா. பிஜித் தீவில், சுவா நகரத்தில் என் அப்பா கறைபட்ட மடிப்பை உள்பக்கம் வைத்துத்தான் துணியை விரிப்பார். கறை எங்கேயும் போய்விடாது. வேண்டியவர் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். யாரும் புரட்டவில்லை என்றால் அது அப்பாவின் குற்றமா?

2000 மே மாதம் ஆட்சியைப் பறித்த அன்று அந்தக் கடையைச் சூறையாடினார்கள். அடுத்த வாரமே நியூசிலாந்துக்கு விண்ணப்பித்தோம். என் மனைவி சுமித்ரா நர்ஸ். விசா அவள் நர்ஸ் படிப்பை வைத்துத்தான். நான் ஒட்டிக்கொண்டு போகிறவன். மருத்துவச் சோதனை மட்டும் பாக்கி; அதில் நோய் ஏதும் தெரிந்தால் விசா இல்லை. தலைவலி அடிக்கடி வருகிறது என்று அவளே உளறிவைத்ததால் தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள்.

ஸ்கேனின் துண்டுப் படங்களை ஒவ்வொன்றாகப் படிக்கத் தெரிந்த டாக்டர் எங்களை முந்திக்கொண்டு ஆஸ்திரேலியா போய்விட்டார். மிஞ்சிய டாக்டர் பிஜேந்திரா ஆஸ்பத்திரிக்கு நான் எழுதிக் கொடுத்த மென்பொருளை நம்பினார். நூற்றுச் சொச்சம் துண்டுப் படங்களை எட்டுக் கணினிகளுக்குப் பங்கிட்டு, ஒரே நேரத்தில் வரைந்து, முழுத் தலையாகத் திரையில் சுழற்றும். எந்த அடர்த்தி தெரிய வேண்டும், எது கண்ணாடியாக மறைய வேண்டும் என்று குறிப்பது என் வேலை.

டாக்டர் பார்ப்பதற்கு முந்தின நாளே சுமித்ராவின் ஸ்கேனை ஓட்டிப் பார்த்தேன். வலது காதுக்கு மேலே கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி, மருந்து ஏற்றி எடுத்ததால் பளிச்சென்று நின்றது. அந்த அடர்த்தியைக் கண்ணாடியாக்கினேன். ஒரே ஓர் எண். எதையும் அழிக்கவில்லை, ஐயா. துண்டுகள் எல்லாம் அப்படியே இருந்தன.

மறுநாள் பிஜேந்திரா அந்த எண்ணின் மேல் கையைக் கொண்டுபோனார். "அத தொடாதீங்க டாக்டர், எட்டு மெஷினும் நின்னுடும்" என்றேன். அன்று வாயால் சொன்ன பொய் அது ஒன்றுதான். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"சுத்தமா இருக்கு, பையா" என்றார். அவர் இந்தியில் அண்ணன் என்று அர்த்தம்.

சுமித்ரா சிரித்தாள். "உள்ள ஒண்ணுமே இல்லன்னு எங்கம்மா அப்பவே சொன்னாங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நெசமாத்தானேங்க? ஏதும் இருந்தா சொல்லிடுங்க. விசா கெடக்குது, நம்ம லாமி வீட்டுலயே இருந்துக்கலாம்."

"நீயே பாரேன்" என்று நிதானமாக இரண்டு தடவை சுழற்றிக் காட்டினேன்.

ஆக்லாந்து வந்த ஏழாவது மாதம் வார்டில் வேலையாக இருந்தபோதே விழுந்தாள். எழவில்லை. போன வருஷமே பார்த்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம் என்றார் அங்கிருந்த டாக்டர். தலையாட்டினேன்.

எல்லாம் அவளுக்காகத்தான். கடையைச் சூறையாடின ஊரில் அவளை எப்படி விட்டுவைப்பது? அந்த எண்ணை இன்றுவரை நான் மாற்றவில்லை. மனம் சரியில்லாத நாட்களில் அவள் தலையைத் திரையில் சுழற்றிப் பார்ப்பேன். சுத்தமாகத்தான் இருக்கிறது, ஐயா.