குத்தத்துக்கு ஒரு பாட்டு

அதில்லய்யா... என் பாட்டுல குத்தம் இருக்குன்னே வச்சுக்குவோம். இருந்துட்டுப் போகட்டும்! ஆசாரியர் கன்னடத்துக்கு இலக்கணம் எழுதறாரு, பெரியவரு, எழுதட்டும். சரியான பேச்சுக்கு உதாரணம்னா பழைய கவிங்க பாட்டா அடுக்கறாரு. குத்தத்துக்கு உதாரணம்னா மட்டும் எவன் பாட்டும் கெடைக்கலயாம், என் பாட்டுதானாம்!

நீங்க எழுதுங்க, எழுதுங்க. சமணப் பசதிக்கோயில்ல ஏடு படியெடுக்கறவங்க வாயத் தொறக்கக் கூடாதுன்னு விரதம், தெரியும். தலைய ஆட்டினாப் போதும்.

வடசொல்லையும் நம்ம கன்னடச் சொல்லையும் ஒண்ணா முடிச்சுப் போடக் கூடாதாம். ஏன், போட்டா என்ன? எங்க வீட்டையும் என் மாமியா வீட்டையும் முடிச்சுப் போடலயா? ம்... அதுவும் சரியா வரலதான். அது வேற கத.

அந்த மாமியாதான் இத எழுதச் சொன்ன மாச்சிகப்பே. செத்த புருஷனுக்குப் புண்ணியம் சேர நூல் தானம் பண்றேன்னாங்க. எந்த நூல் மாப்ளேன்னு கேட்டாங்க. நாந்தான்யா இந்த இலக்கணத்தச் சொன்னேன்! நூறு பிரதி, பசதிக்கு ஒண்ணு. இதுல என் பாட்டு இருக்குன்னு ஒருத்தன் சொன்னான், அந்தப் பெருமையிலதான். எந்த எடத்துலன்னு அந்தப் பாவி சொன்னானா?

நாளைக்கு மொதப் பிரதிய வாசிக்கச் சொல்லிக் கேக்க அந்தம்மா வருது. ஊரு முன்னால என்னை ஒரு பார்வ பாக்கும் பாருங்க... அத நெனச்சே இன்னிக்கு ஒரு சோளரொட்டி கூடத் திங்கல.

அந்த ஒரு பாட்ட மட்டும் விட்டுருங்களேன்? கண்ணு அசந்துட்டதா இருக்கட்டுமே. ஏன் தலைய இப்பிடி ஆட்டறீங்க? ஒரு எழுத்து கொறஞ்சாலும் பாவமா? அட, உங்க புண்ணியத்துல என் மானமும் கொஞ்சம்...

எங்க, காட்டுங்க அந்த ஏட்ட. ம்... இதான். இதேதான். அட!

பாடினவன் பேரே இல்லயேய்யா! எந்தப் பாட்டுக்கும் இல்ல! நான் வேற பயந்து செத்தேன். இது இந்தப் பொம்மரசன் பாட்டுன்னு யாருக்குத் தெரியப் போவுது? அந்தம்மாவுக்குப் பாட்டும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. இந்த ஊருல உங்களுக்கும் எனக்குந்தான் தெரியும். நீங்களோ வாயே தொறக்க மாட்டீங்க!

நல்லா எழுதுங்க, ராசா மாதிரி எழுதுங்க. நான் போயி ரெண்டு ரொட்டி...

என்ன, எழுத்தாணிய ஓரத்துக்குக் கொண்டு போறீங்க? அங்க என்ன விட்டுப் போச்சு? 'பொம்...' யோவ்! ஆரு கேட்டா உங்கள? நிறுத்துய்யா, ஓலையில கீறினது அழியாதேய்யா!