தேவியின் கையுறையில் ஈயம் இல்லை

நீதித்துறை நடுவர் முன்னிலையில், சாட்சி உறுதிமொழி எடுத்தபின் சொல்லச் சொல்லப் பதிவு செய்யப்பட்டது.

பெயர்: அர்ச்சனா. தந்தை பெயர்: கோதண்டம். வயது: 23. தொழில்: இறால் தரம் பிரித்தல்; குத்துச்சண்டை வீராங்கனை. முகவரி: சின்னமேட்டுக் குப்பம், கோட்டைக்குப்பம் அருகில், பழவேற்காடு.

நான் மேற்கண்ட முகவரியில் தாய் தந்தையுடன் வசித்து வருகிறேன். இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கச் சொல்லி யாரும் என்னை மிரட்டவில்லை. கொடுக்காதே என்று மிரட்டியவர்கள் உண்டு, அதை அதனிடத்தில் சொல்கிறேன். என் தந்தை ஏரியில் மீன்பிடிக்கிறார். நான் சில வருடங்களாக எண்ணூரில் ஒரு கூடத்தில் குத்துச்சண்டை பழகி வருகிறேன். இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட எதிரியாகச் சேர்க்கப்பட்டிருக்கும் தேவி என்பவரும் அதே கூடத்தில் பழகுகிறவர். அவர் ஊர் ஏரியின் வடக்கே ஆந்திரக் கரையில் இருக்கிறது. தடாவில் ரயில் ஏறி வருவார், நான் பொன்னேரியில் ஏறுவேன், அவர் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பார். அவருக்குத் தமிழ் நன்றாக வரும். எங்கள் வீட்டிலும் அப்பாவைத் தெலுங்கில் கூப்பிடுவது போல நைனா என்றுதான் கூப்பிடுகிறோம்.

கூடத்தில் நானும் தேவியும் மோதும்போது வேடிக்கை பார்க்க ஒரு ஈ காக்கை வராது. இந்த வருடம் பொங்கல் கழித்து, எங்கள் ஊர் இளைஞர் மன்றத்தார் திருப்பாலைவனம் சாலையில் உள்ள மைதானத்தில் எங்கள் இருவருக்கும் போட்டி ஏற்பாடு செய்தார்கள். ஏரியில் வலை அறுத்த தகராறு இரண்டு மாநிலத்துக்காரர்களுக்கும் இடையே அப்போதுதான் நடந்து முடிந்திருந்தது. அதனால் போஸ்டரில் எங்கள் பெயரைச் சிறியதாகப் போட்டு, தமிழ்நாடு, ஆந்திரா என்று பெரியதாகப் போட்டிருந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் ஊரார் முன்னால் ஒருமுறை சண்டை போட ஆசை இருந்ததால் ஒத்துக்கொண்டேன்.

போட்டி அன்று மாலை தேவியுடன் அவர் ஊர்க்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். எங்கள் பக்கம் கூட்டம் கணக்கில்லை. நாங்கள் மேடை ஏறியதும் எங்கள் ஆட்கள் தேவியைப் பார்த்து "கொல்ட்டி, கொல்ட்டி" என்று கத்தினார்கள். வேனில் வந்தவர்கள் என்னை, தமிழர்களைத் தெலுங்கில் கேலியாகச் சொல்லும் "அரவ" என்ற சொல்லால் கத்தினார்கள். தேவியின் மூக்கையும் என் நிறத்தையும் பற்றிச் சொன்னவற்றை நடுவர் அவர்கள் கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டால் நல்லது. கத்தியவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய் நைனா சாப்பாடு ஆச்சா என்று கேட்கிறவர்கள்தான். சண்டைக்கு முன் சென்னையிலிருந்து வந்த ரெஃப்ரி எங்கள் இருவர் கையையும் பிரித்துப் பார்த்து, கையுறை மாட்டி, கயிறு கட்டி, மேலே டேப் சுற்றினார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அதன் பிறகு முதல் சுற்று எனக்குச் சாதகமாகப் போனது. இரண்டாவது சுற்றில் தேவி நன்றாக அடித்தார், என் இடது கண்ணுக்குக் கீழே வீங்கியது. அந்த இடைவேளையில் என் மூலையில் இருந்த என் தந்தை ஐஸ் வைத்தார். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஐஸை ரப்பர் பையில் போடுவார்கள், நாங்கள் பழைய வீச்சு வலையின் அடிப்பகுதியை வெட்டி அதில் கட்டுவோம். தண்ணீர் ஒழுகிவிடும், பிடிக்கவும் வாகாக இருக்கும், மீன் பெட்டி ஐஸை அப்படித்தான் அள்ளிப் பழக்கம். வீச்சு வலையின் ஓரத்தில் ஈயக்குண்டுகள் கோத்திருக்கும். வெட்டிய துண்டில் அவை அப்படியே இருந்தன, கழற்ற வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. என் தந்தை அவசரத்தில் அழுத்தியபோது ஒரு குண்டு நைந்த நூலிலிருந்து கழன்று மேடையில் விழுந்து உருண்டது. நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். எடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

மூன்றாவது சுற்றில் தேவியின் இடது கைக் குத்து என் புருவத்தில் விழுந்தது. சுத்தமான குத்து. புருவம் கிழிந்தது, நான் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ரெஃப்ரி எண்ணத் தொடங்கினார். நான் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் அந்த ஈயக்குண்டு கிடந்தது. மைக் பிடித்திருந்த ஊர்த் தலைவர் வேதாசலம் என்பவர் அதைப் பார்த்து, "ஆந்திராக்காரி கையில ஈயம் வெச்சி அட்ச்சிட்டாடா, நம்ம பொண்ணு மூஞ்சிய கீச்சிட்டாடா" என்று மைக்கிலேயே சொன்னார். அதன் பிறகு கூட்டம் கயிற்றைத் தாண்டி மேடைக்கு வந்தது. டேப் பிரியவில்லை, கயிறு அவிழவில்லை, உள்ளே இருந்த ஈயம் எப்படி வெளியே வரும் என்று ரெஃப்ரி கத்தியதை நான் கேட்டேன், மற்றவர்கள் கேட்கவில்லை. கட்டிய கயிற்றை அவிழ்க்காமலே நாலைந்து பேர் தேவியின் வலது கையுறையைப் பிடித்து முறுக்கி இழுத்தார்கள். அடித்தது இடது கை, அவர்கள் இழுத்தது வலது கை, அந்த அளவுக்குத்தான் அவர்கள் சண்டையைப் பார்த்திருந்தார்கள். மணிக்கட்டு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. தேவி "அர்ச்சனா, செப்பவே, நுவ்வு செப்பு" என்றார். நீ சொல்லு என்று அர்த்தம். நான் வாயிலிருந்த பல் காப்பைத் துப்பிவிட்டு, அது எங்கள் ஐஸ் வலையின் ஈயம் என்று கத்தினேன். யாரும் திரும்பவில்லை. அதனால் அவர் மேல் குறுக்காகப் படுத்துக்கொண்டேன். என் முதுகில் விழுந்த உதைகள் எங்கள் ஊர்க்காரர்களுடையவை.

அதன் பிறகு தேவியை மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஊர் சார்பில் அவர் மேல், ஈயம் வைத்து என்னைக் கொல்லப் பார்த்ததாகப் புகார் கொடுத்தார்கள். குற்றம் உறுதியாகிவிட்டால் அவரை இனி எந்த மேடையிலும் ஏற்ற மாட்டார்கள். மறுநாள் ஊர்க்கூட்டம் போட்டு என்னையும் என் தந்தையையும் கூப்பிட்டார்கள். வேதாசலம், "நீ செயிச்ச பொண்ணு, செயிச்சாமேரி கம்முனு இரு. ஊரு மானம் உன் வாயில கீது" என்றார். "எம் மூஞ்சில வாங்குனவ நான். அவ எதுல அட்ச்சானு உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். மரியாதையில்லாமல் பேசினேன் என்று அங்கே சொன்னார்கள். உண்மைதான், பேசினேன். ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்று ஊர் முறை வைத்துத் தருவதைப் பாடு என்போம். நான் கோர்ட்டுக்குப் போனால் எங்கள் வீட்டுக்குப் பாடு கிடையாது என்று அறிவித்தார்கள். பாடு இல்லாவிட்டால் என் தந்தை படகைக் கரையில் ஏற்றி வைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். கூட்டம் கலைந்ததும் அவர் என்னை விட்டு முன்னால் நடந்து போனார். அது எனக்கு வலித்தது.

சம்மன் வந்த பிறகு, வீட்டில் ஒளித்து வைத்திருந்த அந்த வலைத் துண்டை எடுத்தேன். என் தந்தை, "வாணாம்மா. ஊரப் பகச்சிக்கினு எங்க போய் வலை போடறது?" என்றார். "அந்தப் பொண்ணுக்கு கை போச்சி நைனா. செயிலுக்கும் போவணுமா?" என்றேன். வலைத் துண்டை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றார். "உன் வலைனு சொல்லு" என்றேன். அவர் தடுக்கவில்லை. இன்று காலை என் கூடவே பஸ் ஏறினார், வெளியே நிற்கிறார்.

நான் ஒப்படைக்கும் வலைத் துண்டில் ஓரிடத்தில் ஒரு குண்டு இல்லை, நூல் நைந்திருப்பதைப் பார்க்கலாம். கடைக் குண்டுகள் உருண்டையாக இருக்கும். என் தந்தை பழைய ஈயத்தை உருக்கித் தானே சுத்தியலால் தட்டுவார், அவை ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். போலீசார் மேடையில் கைப்பற்றிய குண்டையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கையுறையை இழுத்தவர்களில் எனக்கு முகம் தெரிந்தவர்களை அடையாளம் காட்டுவேன். அவர்கள் எனக்கு மாமன் முறையும் சித்தப்பா முறையும் ஆகிறவர்கள், ஆனாலும் காட்டுவேன்.

இதைச் சொல்லிவிட்டு ஊருக்குள் எப்படிப் போவாய், பாதுகாப்பு வேண்டுமா என்று நடுவர் அவர்கள் கேட்டதற்கு, வந்த பஸ்ஸிலேயே போவேன் என்று சொன்னேன்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டதற்குச் சொல்வது: ரெஃப்ரி எண்ணி முடிப்பதற்குள் மேடை கலைந்துவிட்டதால் முடிவு அறிவிக்கப்படவில்லை. ஊர் எல்லையில் நான் ஜெயித்ததாக என் படம் போட்டு பேனர் வைத்திருக்கிறார்கள். அப்போது எனக்கு எழுந்திருக்கத் தெம்பு இருக்கவில்லை. ரெஃப்ரி முழுதும் எண்ணியிருந்தாலும் என்னால் எழுந்திருக்க முடிந்திருக்காது. தேவி ஜெயித்தார், நான் தோற்றேன். எந்தப் புத்தகத்திலும் எழுதாத அந்த முடிவை இந்த நீதிமன்றத்திலாவது எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். "தோற்றேன்" என்ற இடத்தில் எழுத்தர் நிறுத்தி, இது வழக்குக்குத் தேவையா என்று கேட்டார். தேவை என்றேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, ஒரு சொல்லும் கூட்டவோ குறைக்கவோ இல்லை என்று ஒப்புக்கொண்டு இதன் கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) கோ. அர்ச்சனா