ஜூன் ஒன்றாம் தேதிக்காரர்கள்

"இருபத்திமூணு பேரைக் கேளு. ரெண்டு பேருக்காவது ஒரே பொறந்தநாளு இருக்கும். இல்லன்னா ஒரு மாசம் இந்த ஜன்னல் சீட்டு உனுக்கு."

காலை நேரத்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் இதைச் சொன்னவர் தொழிற்சாலைச் சீருடையில் இருந்தார். பேட்ஜில் சேகர் என்று இருந்தது. எதிரே அவர் நண்பர் பாஷா.

"யாரு சொன்னது?"

"நெட்ல, கணக்குப் பைத்தியங்க பேசிக்கிற சைட்டுல. பாதிக்கு மேல சான்ஸாம்."

"வருசத்துக்கு முன்னூத்தி அறுவத்தஞ்சு நாளு இருக்குது நைனா!"

பாஷா எழுந்து பெட்டியில் விசாரித்தார். முதல் ஆள் ஜூன் ஒன்று. அடுத்தவர் மார்ச் பன்னிரண்டு. மூன்றாமவர் ஜூன் ஒன்று. நான்காமவரும் ஜூன் ஒன்று.

"மூணாவது ஆளுலயே ஜெயிச்சிட்டேன்!"

"இன்னா ஜெயிச்ச? ஸ்கூல்ல சேக்கசொல்லோ ஹெட்மாஸ்டரு போட்ட தேதி அது. அவங்கம்மாவக் கேளு, ஐப்பசி மழையில பொறந்தான்னு சொல்லும்."

சேகர் போனை எடுத்தார்.

"இத சைட்டுல போடணும்டா. ஹெட்மாஸ்டர யாரும் கணக்குல சேக்கல."

"அது கெடக்கட்டும். உன் பொறந்தநாளு இன்னா?"

"ஜூன் ஒன்னு" என்றபடி சேகர் எழுந்து ஜன்னல் சீட்டைக் கொடுத்தார்.