கல்லாத்துச் சாயாக்கடை

— நாளைக்கு உன் சேக்காளி ராஜையன் கல்யாணம். நீ போகல்லன்னா ஊரே சிரிக்கும், அண்ணே.

— சிரிக்கட்டும் அனுஷா. நானும் பத்மகுமாரும் கல்லாத்துல சாயாக்கடை தொறந்து ரெண்டு மாசம் ஆச்சு. தெனமும் வாட்ஸாப்ல ஸ்டேட்டஸ் போடுதேன். பொன்முடிக்குப் போற எவன் எவனோ பைக்கை நிறுத்தி சாயா குடிக்கான். என் கூட்டுக்காரன் ஒருத்தன் எட்டிப் பாக்கல்ல. எப்டிடே இருக்குன்னுகூட ஒருத்தனும் கேக்கல்ல.

— நீ விளிச்சுச் சொன்னியா?

— எதுக்குச் சொல்லணும்? பாத்தா வரணும், அல்லே? அதான் நானும் ஒருத்தன்ட்டயும் பேசல்ல, மிண்டல்ல. ராஜையன் எத்தனையோ தடவை விளிச்சான். எடுக்கல்ல.

— எனக்கும் உன் ஸ்டேட்டஸ் வரல்ல கேட்டியா. வீட்டாளுகளுக்கு மறைச்சிருப்பேன்னு விட்டுட்டேன்.

— உனக்கு எதுக்கு மறைக்கணும்? அம்மைக்கு மட்டும்தான் மறைச்சேன். அவ இப்பவும் நான் கிழக்கேகோட்டை ஆடிட்டர் ஆபீசுக்குப் போறேன்னு நெனைக்கா. அப்பா போன பெறவு மாமா கையைக் காலைப் பிடிச்சு வாங்கித் தந்த வேலை. விட்டுட்டேன்னு தெரிஞ்சா தாங்கமாட்டா.

— ஃபோனைத் தா. யாரெல்லாம் பாத்திருக்கான்னு பாப்போம்.

— காட்டாதுடி. ப்ளூ டிக்கை ஆஃப் பண்ணி வச்சிருக்கேன்.

— செட்டிங்கைப் பாக்கட்டு... அண்ணே, நீ அம்மை பேரைத்தான் தொட்டிருக்க.

— அதான் சொன்னேனே.

— 'இவங்களைத் தவிர'ங்கிறதுல தொடல்ல. 'இவங்களுக்கு மட்டும்'ங்கிறதுல தொட்டிருக்க. ராஜையனுக்கு ஒண்ணும் போகல்ல. எல்லாம் அம்மை ஒருத்திக்குத்தான் போயிருக்கு.

— போடி. அம்மைக்குத் தெரிஞ்சா சும்மா இருப்பாளா?

— உன் டிபன்ல ஏன் இப்போ ரெண்டாளுக்குச் சோறு இருக்கு?

— அது... நான் மெலிஞ்சிட்டேன்னு வைக்கான்னு நெனச்சேன். பத்மகுமார்தான் தின்னுட்டு இருக்கான்.

— கொதிச்ச சாயா கொட்டி கை பொள்ளுனப்போ?

— ஸ்டேட்டஸ்ல மட்டும்தான் போட்டேன். பாண்ட் பாக்கெட்டுக்குள்ள கையை விட்டுட்டே வீட்டுக்குள்ள வந்தேன். காலையில பார்த்தா பேக்ல களிம்பு இருந்துச்சு. நீ வச்சேன்னு நெனச்சேன்.

— நான் வைக்கல்ல.

— என்ன மக்ளே, அண்ணனும் தங்கச்சியும் ரகசியம் பேசுதிய?

— அம்மா, நீ என் ஸ்டேட்டஸ் பாத்தியா?

— ஒண்ணு விடாமப் பாத்தேன்.

— பின்னே ஏன் ஒரு வார்த்தை கேக்கல்ல?

— மொதல்ல நல்ல கோவம் வந்துச்சு. மாமன்ட்ட எந்த மூஞ்சியோட பேசுவேன்னு அழுதேன். பெறவு அனுஷா ஃபோனை எடுத்துப் பாத்தேன், அவளுக்கு வரல்ல. ராஜையன் பத்திரிகை வைக்க வந்தப்போ உன் ஸ்டேட்டஸ் வருதான்னு கேட்டேன், அவனுக்கும் ஒண்ணும் தெரியல்ல. வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டுட்டு, என் பிள்ளை எனக்கு மட்டும் காட்டுதானேன்னு, நானும் யார்ட்டயும் சொல்லல்ல மக்ளே.