உறுமியில் சத்தம் சரியில்லை

தானா ராத்தாவிலிருந்து ரிங்லெட் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் மேளம் பழுது பார்ப்பவர் ஒருவர் கயிற்றுச் சுருளை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் காய்கறிப் பையோடு ஓர் அம்மாள்.

“அந்த உறுமிய இன்னுமா சரி பண்ணல தம்பி?”

“சரி பண்ணிக் குடுத்துட்டா அவரு வரமாட்டாருக்கா.”

நான் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

“எஸ்டேட்டு லைன்ல இருந்து வர்ற சண்டைக்காரரா?”

“அவருதான். வாரா வாரம் வந்து, சத்தம் சரியில்லம்பாரு. நான் அடிச்சுக் காட்டுவேன். கண்ண மூடிக்கிட்டு முழுசாக் கேப்பாரு. அப்புறம், இன்னும் சரியில்லன்னு விட்டுட்டுப் போயிருவாரு. புதுத் தோலு மாத்தியும் அதே பேச்சுதான் லா. ஒரு நாளு கோவம் வந்து, நீங்களே அடிச்சுக் காட்டுங்கன்னு குச்சியக் கையில குடுத்துட்டேன்.”

“அடிச்சாரா?”

“குச்சியப் பிடிக்கவே தெரியல. ‘எனக்குத் தெரியாதுப்பா, மவன்தான் கோயில்ல அடிப்பான்’னாரு. அந்த மவன் போன வருசம் மோட்டார் சைக்கிள்ல போயி லோரியில அடிபட்டுச் செத்துட்டான்க்கா.”

அந்த அம்மாள் பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டார்.

“வீட்டுல அடிக்க ஆளில்ல. குத்தம் சொன்னாத்தான் நான் அடிப்பேன்னு வர்றாரு.”

ரிங்லெட் வந்தது. அவர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“நாளைக்கு வருவாரு. இன்னைக்கே உறுமிக் கயித்தக் கொஞ்சம் தளத்தி வைக்கணும். சத்தம் நெசமாவே சரியில்லாம இருக்கட்டும்க்கா.”